கற்றதைத் திருப்பிக் கொடுத்த ஆங்கில ஆசிரியை: ட்சுடா உமேகோ

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறு ஆண்டுகளாகச் செய்து வரும் பணியைச் சுருக்கிச் சொல்வதானால், நாம் பெற்றதில் ஒரு பங்கை எமக்குப் பின்னால் வரும் பிள்ளைகளுக்குக் கொடுப்பது என்று சொல்லலாம். இம்மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது, நோயையும் மருந்தையும் பற்றி எழுதுவதிலும் பார்க்க, இவ்வாறு திருப்பிக் கொடுப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டிருந்த ஒரு பெண்மணியின் வரலாற்றை எழுதுவது பொருத்தம் என்று எனக்குத் தோன்றியது. அவர் யப்பானைச் சேர்ந்த ட்சுடா உமேகோ. யப்பானியர் குடும்பப் பெயரை முன்னால் வைப்பது வழக்கமாதலால் ட்சுடா என்பது குடும்பப் பெயர், உமேகோ என்பது அவருடைய சொந்தப் பெயர். 2024 யூலையில் யப்பான் வெளியிட்ட புதிய 5000 யென் நாணயத்தாளில் இருப்பது அவருடைய முகம்தான்.

அவர் அரசியல்வாதியோ அரச குடும்பத்தவரோ அல்லர். பெண் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்த ஒரு ரீச்சர். அந்த வேலைக்குத் தன்னைத் தகுதியாக்கிக்கொள்ள அவர் மூன்று முறை கடல் கடந்து போய்த் திரும்பி வந்தார். முதற் பயணம் அவராகத் தெரிந்து போனதல்ல. இரண்டாவது அவராகத் தேடிக்கொண்டது.

ஆறு வயதில் கப்பலேறியவர்

1864 ஆம் ஆண்டு டிசெம்பர் 31 ஆம் திகதி, இன்று டோக்கியோ என அழைக்கப்படும் எடோ நகரில் உமேகோ பிறந்தார். வீட்டில் அவர் பெயர் உமே; பிளம் மரத்தைக் குறிக்கும் சொல் அது. தந்தையார் ட்சுடா சென் ஆங்கிலம் கற்றவர். 1867 இல் அரச தூதுக்குழுவொன்றின் மொழிபெயர்ப்பாளராக அமெரிக்கா சென்று வந்தவர். பின்னாளில் மேலைநாட்டு விவசாய முறைகளை யப்பானில் பரப்புவதில் ஈடுபட்டவர்.

1868 இல் யப்பானில் பழைய இராணுவப் பிரபுக்களின் ஆட்சி முடிந்து மெய்ஜி பேரரசரின் அரசாங்கம் வந்தது. புதிய அரசாங்கம் இளைஞர்களை மேலைநாடுகளுக்குப் படிக்க அனுப்பியது. வடக்கே ஹொக்கைடோ தீவை அபிவிருத்தி செய்யும் பொறுப்பிலிருந்த திணைக்களத்தின் தலைவர்களில் ஒருவரான குரோடா கியோதக்கா, அமெரிக்காவில் படித்த பெண்கள் சமுதாயத்தில் பெற்றிருந்த இடத்தைக் கண்டு வந்து, பெண் பிள்ளைகளையும் அனுப்ப வேண்டும் என்று வற்புறுத்தினார். நல்ல பிரசைகள் வளர வேண்டுமானால் தாய்மார் படித்திருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். பத்து ஆண்டுகள் அமெரிக்காவில் இருக்க வேண்டும். பிரயாணம், தங்குமிடம், படிப்பு எல்லாவற்றையும் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். அதற்கு மேல் ஆண்டுக்கு 800 டொலர் கைச்செலவுக்குக் கிடைக்கும். அந்தக் காலத்தில் அது மிகப் பெரிய தொகை. அப்படியிருந்தும் முதல் அழைப்புக்கு எவரும் முன்வரவில்லை. இரண்டாம் முறை கேட்டபோதே ஐந்து பேர் கிடைத்தனர். அவர்களில் மிகச் சிறியவர் உமே.

1871 டிசெம்பர் 23 ஆம் திகதி யோக்கஹாமா துறைமுகத்திலிருந்து, மேலைநாடுகளுக்குச் சென்ற இவாக்குரா தூதுக்குழுவுடன் இந்தச் சிறுமிகள் கப்பலேறினர். உமேக்கு அப்போது வயது ஆறு. ஏழாவது பிறந்தநாள் நடுக்கடலில் வந்தது. 1872 சனவரியில் சான் பிரான்சிஸ்கோவை அடைந்து, பனியால் புகையிரதப் பாதை தடைப்பட்டு வழியில் தங்கி, பெப்ரவரி இறுதியில் வொஷிங்டன் போய்ச் சேர்ந்தனர். மூத்தவர்கள் இருவர் உடல்நலம் குன்றி அந்த ஆண்டிலேயே நாடு திரும்பினர். எஞ்சியவர்கள் யமக்காவா சுதேமட்சு, நாகாய் ஷிகே, உமே ஆகிய மூவர். இந்த மூவரின் நட்பு வாழ்நாள் முழுவதும் நிலைத்தது.

வொஷிங்டனையொட்டிய ஜோர்ஜ்டவுனில் சார்ள்ஸ் லன்மன், அடலின் லன்மன் என்ற பிள்ளையில்லாத தம்பதியர் உமேயைத் தம் வீட்டில் வளர்த்தனர். சார்ள்ஸ் யப்பானியத் தூதரகத்தின் செயலாளராக இருந்தவர்; எழுத்தாளர்; வீடு நிறையப் புத்தகங்கள். உமே ஆங்கிலத்தில் வாசித்தார், ஆங்கிலத்தில் விளையாடினார், ஆங்கிலத்திலேயே கனவும் கண்டிருப்பார். 1873 இல் தானாக விரும்பிக் கிறிஸ்தவரானார். வொஷிங்டனில் பெண்களுக்கான ஆச்சர் கல்விக்கூடத்தில் இடைநிலைக் கல்வியை முடித்தபோது அவருக்கு வயது பதினேழு.

வீடு திரும்பியபோது

1882 நவம்பரில், வாசர் கல்லூரியில் பட்டம் பெற்றிருந்த சுதேமட்சுவுடன் உமே யப்பான் திரும்பினார். ஷிகே அதே கல்லூரியில் இசை பயின்று ஓராண்டு முந்தியே திரும்பிவிட்டார்.

வந்து இறங்கிய உமேக்கு இரண்டு அதிர்ச்சிகள் காத்திருந்தன. ஒன்று, தாய்மொழி முழுக்க மறந்து போயிருந்தது. பெற்ற தாயோடு பேச இடையில் ஒருவர் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. தரையில் முழங்கால் மடித்து உட்காருவதும், யார் முன்னால் எவ்வளவு குனிந்து வணங்குவது என்பதும் புதிதாகப் படிக்க வேண்டிய பாடங்களாயின. மற்றது, அவர்களை அனுப்பிய திணைக்களமே அந்த ஆண்டில் கலைக்கப்பட்டுவிட்டது. அரச செலவில் படித்து வந்த ஆண்களுக்கு அமைச்சுக்களிலும் பல்கலைக்கழகத்திலும் பதவிகள் காத்திருந்தன. அதே அரச செலவில் பதினோராண்டுகள் படித்து வந்த பெண்களை என்ன செய்வது என்று எவரும் யோசித்திருக்கவில்லை.

எதிர்பார்க்கப்பட்டது கலியாணம்தான். ஷிகே ஒரு கடற்படை அதிகாரியை மணந்தார். சுதேமட்சு 1883 இல் இராணுவ அமைச்சராயிருந்த ஓயாமா இவாவோவை மணந்தார். உமேக்கும் வரன்கள் பேசப்பட்டன. அவர் மறுத்துவிட்டார். அடலின் அம்மையாருக்கு எழுதிய கடிதங்களிலே, கலியாணப் பேச்சை இனி எடுக்க வேண்டாம் என்று அலுத்துப்போய்க் கேட்டுக்கொண்டார். நாட்டின் பணத்தில் படித்துவிட்டு நாட்டுக்கு ஒன்றும் செய்யாதிருக்கிறோமே என்ற எண்ணம் அவரை அரித்துக்கொண்டிருந்தது. எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படாத ஒரு கடனாகவே தன் படிப்பை அவர் கருதினார்.

வழி திறந்து விட்டவர் பின்னர் யப்பானின் முதலாவது பிரதமரான இத்தோ ஹிரோபுமி. கப்பலில் அந்தச் சிறுமிகளோடு சேர்ந்து பிரயாணம் செய்தவர்களில் அவரும் ஒருவர். தன் மனைவிக்கும் மகளுக்கும் ஆங்கிலம் கற்பிக்க உமேயைத் தன் வீட்டில் அமர்த்தினார். அதே காலத்தில் ஷிமோடா உதாக்கோ என்ற கல்விமானின் பாடசாலையில் உமே ஆங்கிலம் கற்பித்து, அவரிடமே யப்பானிய மொழியைக் கற்றார். 1885 இல் பிரபு குடும்பத்துப் பெண்களுக்கான பாடசாலை தொடங்கப்பட்டபோது அதில் ஆங்கில ஆசிரியையானார். யப்பானில் மேலைத்தேய வைத்தியத்துக்கு அரச அனுமதி பெற்ற முதற் பெண் வைத்தியராக ஓகினோ கின்கோ பதிவானதும் அதே 1885 இல்தான். ஒரு பெண் தன் படிப்பினால் சம்பளம் பெறுவது அந்த நாட்டில் அப்போதுதான் தொடங்கியிருந்தது.

மொழி தெரிந்தால் ஆசிரியையாகலாமா?

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு உமேயின் நிலை மிக நல்ல நிலை: அரச பாடசாலையில் வேலை, பதவித் தரம், மரியாதை. அவருக்கோ மனநிறைவு இல்லை. வகுப்பிலிருந்த பெண்கள் அடக்கமானவர்கள், அழகாக நடக்கத் தெரிந்தவர்கள். ஆனால் படித்து எதையாவது செய்ய வேண்டும் என்ற வேகம் அவர்களுக்கு ஊட்டப்படவில்லை. அவர்களை எழுப்பிவிடும் வித்தை தன்னிடமும் இல்லை என்பதை அவர் உணர்ந்தார். ஆங்கிலம் அவருக்கு மூச்சு விடுவது போல வந்தது. அதனாலேயே அதை அறியாத ஒருவருக்கு எங்கே தடக்கும், ஏன் தடக்கும் என்பது அவருக்குத் தெரியாதிருந்தது. தவிர, சுதேமட்சுவும் ஷிகேயும் கல்லூரி கண்டவர்கள். தான் இடைநிலைக் கல்வியோடு நின்றவர் என்ற குறையும் இருந்தது.

1888 இல், சுதேமட்சு அமெரிக்காவில் வளர்ந்த வீட்டின் மகளான அலிஸ் பேக்கன் டோக்கியோ வந்து அதே பாடசாலையில் ஓராண்டு கற்பித்தார். உமேயும் அவரும் ஒரே வீட்டில் வசித்தனர். மீண்டும் அமெரிக்கா போய் முறையாகக் கல்லூரியில் படிக்கும்படி ஊக்கியவர் அவர். பிலடெல்பியாவைச் சேர்ந்த மேரி மொரிஸ் என்ற சீமாட்டி, 1885 இல் தொடங்கியிருந்த பிரின் மோர் பெண்கள் கல்லூரியின் அதிபரிடம் பேசி உமேக்குக் கட்டணமின்றி இடம் பெற்றுக் கொடுத்தார். கற்பித்தல் முறைகளைப் பயின்று வருவதற்கென யப்பானிய அதிகாரிகள் சம்பளத்தோடு இரண்டு ஆண்டுகள் லீவு கொடுத்தனர்; பின்னர் அது இன்னுமோர் ஆண்டு நீடிக்கப்பட்டது. 1889 இல் அவர் இரண்டாவது முறை கடல் கடந்தார்.

இந்தப் பயணத்தில் அவர் பெற்ற ஆசிரியப் பயிற்சி நியூயோர்க் மாநிலத்து ஒஸ்வீகோ ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் நடந்தது. சுவிற்சர்லாந்துக் கல்விமான் பெஸ்டலோசியின் முறையை அமெரிக்காவில் பரப்பிய இடம் அது. புத்தகத்தை ஒப்புவிக்கச் செய்யாமல், ஒரு பொருளைப் பிள்ளையின் கண்முன் வைத்து, பார்க்கவும் தொடவும் கேட்கவும் விட்டு, பின்னர் சொல்லுக்கும் விதிக்கும் வருவது அம்முறை. கலாசாலையோடு சேர்ந்த பாடசாலையில் பயிலுநர்கள் உண்மையான பிள்ளைகளுக்குப் படிப்பித்துப் பார்க்க வேண்டும். வைத்திய மாணவருக்கு வார்ட் எப்படியோ, ஆசிரிய மாணவருக்கு அந்தப் பயிற்சி வகுப்பு அப்படி.

தவளை முட்டையும் ஒரு தீர்மானமும்

பிரின் மோரில் உமே முக்கியமாகப் படித்தது ஆங்கிலம் அல்ல, உயிரியல். அங்கே அவருக்கு ஆசானாக அமைந்தவர்களில் ஒருவர் தோமஸ் ஹண்ட் மோர்கன். பரம்பரையலகுகள் நிறமூர்த்தங்களில் அமைந்திருப்பதை நிறுவி 1933 இல் வைத்தியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். உயர்தர வகுப்பில் உயிரியல் படித்த எங்கள் எல்லோருக்கும் அவர் பெயர் தெரியும். தவளை முட்டையின் எந்தப் பகுதி கருவின் உடலில் எந்தப் பகுதியாக வளர்கிறது என்பது பற்றி மோர்கனும் உமேயும் சேர்ந்து செய்த ஆய்வு 1894 இல் பிரித்தானிய விஞ்ஞான சஞ்சிகையொன்றில் இருவர் பெயரிலும் வெளியானது. மேலைநாட்டு விஞ்ஞான சஞ்சிகையில் பெயர் அச்சான முதல் யப்பானியப் பெண்களில் அவரும் ஒருவர்.

அங்கேயே தங்கி ஆராய்ச்சியைத் தொடரும்படி கல்லூரி அவரைக் கேட்டது. ஒரு வைத்தியராக இந்த வரலாற்றைப் படிக்கும்போது நான் அதிக நேரம் நின்று யோசிப்பது இந்த இடத்தில்தான். விரும்பிய பாடம், உலகின் மிகச் சிறந்த ஆசான்களில் ஒருவர், கௌரவமான இடம், தன்னை மகளாக வளர்த்த குடும்பம் உள்ள நாடு: எல்லாம் ஒரு பக்கம். உயிரியல் ஆய்வு செய்யும் பெண்ணுக்கு இடமே இல்லாத தாய்நாடும், பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்கான ஆங்கில வகுப்பும் மற்றப் பக்கம். 1892 இல் அவர் திரும்பிப் போனார்.

விஞ்ஞானத்தை விட்டது அவருக்கு இழப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். அது பெரிய இழப்புத்தான். ஆனால் நுணுக்குக்காட்டியின் முன்னால் பழகிய பழக்கம், அதாவது கேட்டதை அப்படியே நம்பாமல் தானே பார்த்து முடிவு செய்வது, அவருடைய ஆங்கில வகுப்புக்குள்ளும் வந்தது என்றே எனக்குப் படுகிறது. பின்னாளில் அவருடைய மாணவிகள் பாடப் பந்தியை வாசித்துவிட்டால் மட்டும் போதாது. அதைப் பற்றித் தம் சொந்த அபிப்பிராயத்தையும் சொல்ல வேண்டும்.

எண்ணாயிரம் டொலர்

அமெரிக்காவை விட்டுப் புறப்படுமுன் அவர் செய்த ஒரு காரியம், பழைய மாணவிகளாகிய எமக்கு மிகவும் நெருக்கமானது. தனக்குக் கிடைத்த வாய்ப்பு தன்னோடு நின்றுவிடக் கூடாது என்று எண்ணி, படிப்புக்கு நடுவே பிலடெல்பியாவிலும் அயலிலும் கூட்டங்களில் பேசி, யப்பானியப் பெண்கள் அமெரிக்காவில் படிப்பதற்கென ஒரு நிதியம் திரட்டத் தொடங்கினார். மேரி மொரிஸ் தலைமையில் ஒரு பெண்கள் குழு அமைந்தது. சேர்க்க நினைத்த தொகை 8000 டொலர். முதலைத் தொடாமல் வைப்பிலிட்டு, வட்டியைக் கொண்டு ஒரு நேரத்தில் ஒரு பெண்ணைப் படிப்பிக்க வேண்டும். அந்தப் பெண் திரும்பி வந்து தன் நாட்டுப் பெண்களின் கல்விக்கு உழைக்க வேண்டும்.

அந்தச் சிறிய நிதியம் 20க்கும் மேற்பட்ட பெண்களைப் படிப்பித்தது. முதலில் போன மட்சுடா மிச்சி, கியோட்டோவில் டொஷிஷா பெண்கள் கல்லூரியின் அதிபரானார். அடுத்துப் போன கவாய் மிச்சி 1929 இல் டோக்கியோவில் கெய்சென் பெண்கள் பாடசாலையைத் தொடங்கினார். இன்னொருவரான ஹோஷினோ ஐ, உமேகோவுக்குப் பின் அவருடைய பாடசாலையையே பொறுப்பேற்றார். ஒருவர் ஒருவராகத்தான் போனார்கள். ஒவ்வொருவரும் திரும்பி வந்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் கதவு திறந்தார்கள்.

மூன்றாவது பயணம்

1898 இல், கொலராடோ மாநிலத்து டென்வரில் நடந்த மகளிர் சங்கங்களின் மாநாட்டில் யப்பானியப் பெண்களின் சார்பில் பேசுவதற்காக உமேகோ மூன்றாவது முறை பயணமானார். அந்தப் பயணத்தில் கண்பார்வையும் கேட்கும் திறனும் இழந்தும் கல்லூரிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த இளம் ஹெலன் கெல்லரைச் சந்தித்தார். பின்னர் இங்கிலாந்து சென்று, செல்ட்னம் பெண்கள் கல்லூரியை டொரத்தியா பீல் அம்மையார் எவ்வாறு கட்டி வளர்த்தார் என்பதைக் கண்டார். 1899 இல் ஒக்ஸ்போர்டில் சென்ற் ஹில்டாஸ் மண்டபத்தில் தங்கி ஒரு தவணை விரிவுரைகள் கேட்டார்.

அதே ஆண்டில் லண்டனில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைப் போய்ப் பார்த்தார். கிரிமியப் போரில் விளக்கேந்திய அந்தச் சீமாட்டி அப்போது எழுபத்தெட்டு வயதில், அறையை விட்டு வெளியே வராத நோயாளி. புறப்படும்போது உமேகோவுக்கு ஒரு பூச்செண்டு கொடுத்தனுப்பினார். அந்தப் பூக்களை உமேகோ புத்தகத்தில் வைத்து உலர்த்திக் கடைசிவரை பாதுகாத்தார். தாதியர் சேவையை ஒரு கௌரவமான தொழிலாக்கியவரும், ஆங்கிலம் கற்பிப்பதைப் பெண்ணின் சுயதொழிலாக்கப் போகிறவரும் சந்தித்த அந்த மாலை, இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தது.

பத்து மாணவிகள்

1899 இல் யப்பானிய அரசாங்கம், ஒவ்வொரு மாகாணத்திலும் ஆகக் குறைந்தது ஒரு பெண்கள் உயர்நிலைப் பாடசாலையாவது இருக்க வேண்டும் எனச் சட்டம் கொண்டு வந்தது. பாடசாலைகள் வந்தால் ஆசிரியைகள் வேண்டும். இடைநிலைப் பாடசாலையில் ஆங்கிலம் கற்பிப்பதற்கான அரச தகுதிச் சான்றிதழ் பெண்களுக்கும் கொடுக்கப்பட்டது. ஆனால் அதற்கான கடினமான பரீட்சைக்குப் பெண்களைத் தயார்ப்படுத்த இடமில்லை. உமேகோ தனது தருணம் வந்துவிட்டது என்று கண்டார். அவர் ஆங்கிலத்தைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம், அது நாகரிகமான அலங்காரம் என்பதல்ல. தகப்பனையோ கணவனையோ தங்கியிராமல் ஒரு பெண் தன் சோற்றைத் தானே உழைத்துச் சாப்பிட அன்று திறந்திருந்த மிகச் சில வாசல்களில் அது ஒன்று.

1900 இல், பதினைந்து ஆண்டுகள் பார்த்த அரச வேலையையும் அதனோடு வந்த பதவித் தரத்தையும் விட்டு விலகினார். அந்த ஆண்டு செப்டெம்பர் 14 ஆம் திகதி, டோக்கியோவின் கோஜிமாச்சிப் பகுதியில் ஒரு சிறிய வாடகை வீட்டில், பத்து மாணவிகளுடன் அவருடைய ஆங்கிலப் பாடசாலை தொடங்கியது. பிள்ளைகளின் குலமோ குடும்பமோ கேட்கப்படவில்லை. அலிஸ் பேக்கன் அமெரிக்காவிலிருந்து வந்து சம்பளமின்றிக் கற்பித்தார். ஓயாமா சீமாட்டியாகிவிட்ட சுதேமட்சு தன் செல்வாக்கையெல்லாம் தோழியின் பாடசாலைக்குக் கொடுத்தார். ஷிகேயும் துணை நின்றார். 1902 இல் அன்னா ஹார்ட்ஸ்ஹோர்ன் வந்து சேர்ந்தார். பிலடெல்பியா வைத்தியர் ஒருவரின் மகளான இவர், சம்பளம் வாங்காமல் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அங்கேயே கற்பித்தார்.

தொடக்க நாளில் உமேகோ பேசியவற்றில் இரண்டு விடயங்கள் இன்றும் நினைக்கத் தக்கவை. கட்டடத்திலும் உபகரணத்திலும் பார்க்க ஆசிரியரின் தகுதியும் உழைப்பும், மாணவியின் ஆர்வமுமே கல்விக்கு முக்கியம் என்பது ஒன்று. பிள்ளைகளின் முகங்கள் வேறாக இருப்பது போலவே அவர்களின் மனங்களும் வேறானவை. ஆகவே உண்மையான படிப்பு சிறிய வகுப்பில்தான் நடக்கும் என்பது மற்றது. ஆங்கிலத்தில் மட்டும் கெட்டிக்காரிகளாக இராமல், எல்லாப் பக்கமும் நிறைந்த பெண்களாக வளரும்படியும் கேட்டுக்கொண்டார்.

வகுப்பில் அவர் கண்டிப்பானவர். ஆயத்தமில்லாமல் வந்த பிள்ளைக்கு அவர் முன்னால் தப்ப முடியாது. ஓர் உச்சரிப்பு சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பார். எங்களுக்கும் அப்படிப்பட்ட ரீச்சர்மார் வாய்த்திருந்தார்கள். அன்று பயந்தோம், இன்று நன்றி சொல்கிறோம். கற்போர் எளிதாக வாசிக்கக்கூடிய ஆங்கில வாசிப்பு நூல்களையும் அவர் தயாரித்தார்.

1903 இல் முதற் தொகுதி மாணவிகள் எட்டுப் பேர் படிப்பை முடித்தனர். 1905 இல் கல்வி அமைச்சு, இப்பாடசாலையில் படித்து முடித்தவர்களுக்குத் தகுதிப் பரீட்சை இன்றியே ஆங்கில ஆசிரியர் சான்றிதழ் வழங்க அனுமதித்தது. தனியார் பெண்கள் பாடசாலையொன்றுக்கு அந்த அங்கீகாரம் கிடைத்தது அதுவே முதற் தடவை. அதன் பின் யப்பானின் மூலை முடுக்கெல்லாம் பெண்கள் பாடசாலைகளில் அவருடைய மாணவிகள் ஆங்கிலம் கற்பித்தனர்.

நோயும் நெருப்பும்

1917 இல் உமேகோவுக்கு நீரிழிவு இருப்பது கண்டறியப்பட்டது. இன்சுலின் மனிதருக்கு முதன்முதல் ஏற்றப்பட்டது 1922 இல் என்பதை நினைத்தால், அந்த நோயறிதல் அன்று எவ்வளவு பாரமானது என்பது விளங்கும். உணவைக் குறைப்பதைத் தவிர வைத்தியரிடம் வேறு பெரிய வழி இருக்கவில்லை. பின்னர் பக்கவாதமும் வந்தது. 1919 இல் பொறுப்பிலிருந்து விலகினார்.

1923 செப்டெம்பர் 1 ஆம் திகதி நடந்த பெரும் பூமியதிர்ச்சியிலும் தீயிலும் பாடசாலைக் கட்டடங்கள் அழிந்தன. அறுபது வயதைத் தாண்டியிருந்த அன்னா ஹார்ட்ஸ்ஹோர்ன் உடனே கப்பலேறி அமெரிக்கா போய், வீடு வீடாக, சங்கம் சங்கமாக ஏறி இறங்கி, ஏறக்குறைய 5 இலட்சம் டொலர் திரட்டினார். டோக்கியோவுக்கு மேற்கே கொடைராவில் புதிய கட்டடம் எழுந்தது. 1931 இல் பாடசாலை அங்கு இடம்பெயர்ந்தது. அதைப் பார்க்க உமேகோ இருக்கவில்லை. 1929 ஓகஸ்ட் 16 ஆம் திகதி, கடற்கரை ஊரான காமக்குராவில் தனது அறுபத்து நான்காவது வயதில் அவர் காலமானார். இன்று ட்சுடா பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ள அந்த வளாகத்திலேயே அவருடைய கல்லறை இருக்கிறது. முப்பது ஆண்டுகளாக அவர் அடலின் அம்மையாருக்கு எழுதிய நூற்றுக்கணக்கான கடிதங்கள், 1984 இல் அந்தக் கட்டடத்தின் கூரைக்கடியிலுள்ள அறையில் கண்டெடுக்கப்பட்டன. அவருடைய தனிமையையும் சலிப்பையும் உறுதியையும் உலகம் அறிந்தது அதன் பின்னர்தான்.

அங்கு படித்தவர்களில் ஒருவரை மட்டும் குறிப்பிடுகிறேன். கமியா மியேகோ, 1930களில் அங்கே ஆங்கிலம் படித்தவர். மாணவியாயிருந்த காலத்தில் ஒரு தொழுநோய் வைத்தியசாலைக்குப் பாடல் வழிபாட்டுக்கு வாத்தியம் வாசிக்கப் போனவர், அங்கே கண்டதை மறக்க முடியாமல் வைத்தியம் படித்தார். உளநல வைத்தியராகி, தீவொன்றில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த தொழுநோயாளரிடையே பல ஆண்டுகள் பணி செய்தார். தான் படித்த கல்லூரியிலேயே பேராசிரியையாகவும் கற்பித்தார். ஆங்கில ஆசிரியைகளை உருவாக்கத் தொடங்கிய ஒரு வாடகை வீட்டின் பயன் இவ்வளவு தூரம் போனது.

எமக்கு

எமது நாட்டில் விசேட வைத்தியராகப் பயிலுபவர்கள் இறுதிக் கட்டப் பயிற்சிக்கு வெளிநாடு போகிறோம். போகுமுன் திரும்பி வந்து சேவை செய்வதாகப் பிணையில் கையெழுத்திடுகிறோம். சிலர் வருகிறோம், சிலருக்கு வர முடியாமற் போகிறது. யுத்தமும் இடப்பெயர்வும் எத்தனையோ அக்காமாரையும் தங்கச்சிமாரையும் உலகின் பல மூலைகளில் கொண்டுபோய் விட்டன. அவர்களைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. உமேகோவின் வரலாறு திரும்பி வந்தவர்களின் கதை மட்டுமல்ல என்பதை அவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். பிலடெல்பியாவில் இருந்துகொண்டே நிதியத்தை நடத்திய மேரி மொரிசும், எங்கிருந்தோ வந்து உழைத்த அன்னாவும் அலிசும் இல்லாமல் அந்தப் பாடசாலை இல்லை. கடனைத் தீர்க்க ஊருக்குத் திரும்புவது ஒரு வழி. இருந்த இடத்திலிருந்து இன்னொரு பிள்ளைக்கு வழி விடுவது இன்னொரு வழி.

நூற்றாண்டு காணும் எமது சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆங்கில ஆசிரியர் போதாத பாடசாலைகள் எமது கிராமங்களில் இன்னும் பல இருக்கின்றன. எமது கல்லூரியில் படித்த, ஆங்கிலம் கற்பிக்க விரும்பும் ஒரு மாணவிக்கு, முறையான பயிற்சி பெற ஒரு புலமைப்பரிசில் வைப்போம். தாய்ச் சங்கமும் வெளிநாட்டுக் கிளைகளும் சேர்ந்து முதலை வைப்பிலிடலாம். வட்டியில் ஒரு நேரத்தில் ஒருவரைப் படிப்பிக்கலாம். அவர் பயின்று வந்து ஒரு கிராமத்துப் பாடசாலையில் சில ஆண்டுகள் கற்பிக்கட்டும். ஒருவர்தானே என்று எண்ண வேண்டாம். உமேகோவும் ஒருவரில்தான் தொடங்கினார்.